காட்டு பங்களாவில் ஓர் இரவு: தங்குவோருக்கும் பழுது பார்ப்போருக்கும்

ஆசிரியருக்கு,

வணக்கம். தீக்காலம் முடிந்து முதல் கோடை மழை விழுந்ததும், "காட்டுக்குள்ளே ஒரு ராத்திரி தங்கணும்" என்று கிளம்பும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. டாப்ஸ்லிப், முதுமலை, நீலகிரி மேல்மலை என்று வனத்துறையின் பழைய ஓய்வு விடுதிகளைத் தேடிப் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் போய் வந்தவர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன: டிவி இல்லை, ஏசி இல்லை, ஓட்டுக்கு மேலே ஏதோ ஓடுகிறது, சுவரில் ஈரம், குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. இந்தக் குறைகளைத் தீர்ப்பதற்கென்று சிமென்டும் டைல்ஸும் பால்ஸ் சீலிங்கும் மலையேறுகின்றன. அவை ஏறிய சில ஆண்டுகளில் நூறாண்டு நின்ற சுவர் உப்புப் பூத்து உதிரத் தொடங்குகிறது. எப்படித் தங்குவது என்று தெரியாதவர்களும், எதை வைத்துப் பூசுவது என்று தெரியாதவர்களும் சேர்ந்துதான் இந்தக் கட்டடங்களைக் கெடுக்கிறோம். சுண்ணாம்புக் கொத்துவேலை, ஓட்டுவேலை, காட்டு வழித்துணை என்று இவற்றோடு பழகியவர்கள் சேர்ந்து எழுதும் இந்தக் கடிதத்தைச் சற்று நீளமானாலும் வெளியிட வேண்டுகிறோம்.

முதலில், இவை யாருக்காகக் கட்டப்பட்டவை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1856-ல் சென்னை மாகாணத்தில் வனத்துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் காப்பாளராக வந்தவர் ஹ்யூ கிளெக்ஹார்ன். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டை எல்லைபோட்டு, மரத்தை எண்ணி, வெட்டையும் நடவையும் நேரில் பார்ப்பது அதிகாரியின் வேலையானது. குதிரையிலோ நடந்தோ போகிறவருக்கு ஒரு நாள் நடைக்கு ஒரு கூரை வேண்டும். அதற்காக எழுந்தவைதான் இந்த பங்களாக்கள். ஒன்றிரண்டு அறை, எழுத ஒரு மேசை, சுற்றிலும் ஆழமான தாழ்வாரம், தீப்பொறி கூரைக்கு வராதபடி தள்ளிக் கட்டிய சமையல்கட்டு. நான்கு குடும்பம் ஒரே நாளில் குளிக்கவும் துவைக்கவும் இதைக் கட்டவில்லை. தண்ணீர்த் தொட்டியும் கழிவுக்குழியும் சிறிதாக இருப்பது அதனால்தான். ஐந்து பேருக்கு அறை எடுத்துவிட்டுப் பதினொரு பேர் தங்கினால் இரண்டாம் நாள் காலையில் கழிப்பறை நிரம்பும். அது பராமரிப்புக் குறை அல்ல.

டாப்ஸ்லிப்பை எடுத்துக்கொள்வோம். ஆனைமலையில் வெட்டிய தேக்கு மரங்களை மலை விளிம்பிலிருந்து சரிவில் உருட்டி அடிவாரத்துக்கு இறக்கிய இடம் என்பதால் வந்த பெயர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து போன தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறை வரைக்கும் சென்றது. அந்தப் பக்கம், இன்று கேரளத்தில் இருக்கும் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்குவதற்கென்றே அன்றைய கொச்சி அரசு அமைத்த காட்டு டிராம் பாதை 1907 முதல் 1963 வரை ஓடியது. இப்படி வெட்டி வெட்டி வெறுமையான சரிவுகளில் மறுபடி தேக்கை எழுப்பியவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. மரத்தை வேரோடு பிடுங்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி, அதிலிருந்து துளிர்க்க விடும் முறையை இங்கே உறுதியாகக் கடைப்பிடித்தார். சட்டைப்பையில் தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் மண்ணில் குழி போட்டு விதைத்துக்கொண்டே போவார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்த அவர், தம் விருப்பப்படி இங்கேயே அடக்கமானார். டாப்ஸ்லிப் பக்கத்து மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அவர் குடியிருந்த வீடும் இருக்கிறது. கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வரி: "என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்." பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து படம் எடுக்காமல், வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து தேக்குகளைப் பாருங்கள்.

இனி நடைமுறை. டாப்ஸ்லிப் தமிழ்நாட்டில், ஆனைமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம் கேரளத்தில். பரம்பிக்குளத்துக்குப் போகும் சாலை டாப்ஸ்லிப் வழியாகத்தான் போகிறது என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றுக்குப் பதிவு செய்துவிட்டு மற்றதில் போய் நிற்கிறவர்கள் நிறைய. இரண்டு அரசு, இரண்டு பதிவு, இரண்டு கட்டணம். பதிவுச் சீட்டில் இருக்கும் விடுதியின் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பெயர் எழுதிய ஒவ்வொருவரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். அரசு வேலையாக அதிகாரிகள் வந்தால் இந்த விடுதிகளில் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. கடைசி நேரத்தில் பதிவு மாறக்கூடும் என்பதால் பொள்ளாச்சியில் தங்க ஒரு மாற்று ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. பெட்ரோல், பணம், மருந்து மூன்றையும் பொள்ளாச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே எதையும் நம்ப முடியாது. சேத்துமடை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மதுவும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கும் அங்கேயே நின்றுவிடும். இரு சக்கர வாகனத்தில் வர நினைப்பவர்கள் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மிக முக்கியமானது நேரம். மாலை நான்கு மணிக்குள் சாவடியைத் தாண்டிவிடும்படி கிளம்புங்கள். ஐந்தரைக்குச் சாவடியில் வந்து நின்று கெஞ்சுவதால் காவலருக்கும் சங்கடம், அந்தி நேரத்தில் சாலையைக் கடக்கும் யானைக்கும் சங்கடம். வளைவில் யானை நின்றால் வண்டியை நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் பின்னால் எடுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் வண்டிக்காரர் முந்தப் பார்த்தால் கையைக் காட்டி நிறுத்துங்கள். நடுவில் மாட்டிக்கொள்ளும் யானைதான் துரத்தும்.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டியைப் பிரிப்பதல்ல. இந்த அறைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் தாழ்வாரத்தில் உட்காருங்கள். எலிப் புழுக்கை தெரிந்தால் விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, தூசி கிளம்பி மூச்சோடு போகும். பினாயில் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், தலையணை உறையை உதறுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்திப் போடுங்கள். போர்வை தரையைத் தொடாமல் இருக்கட்டும். இது சுத்தத்துக்காக மட்டும் சொல்வதல்ல. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், கடித்த இடத்தில் பல சமயம் வலியோ வீக்கமோ இருக்காது. கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகிக்கொண்டாலே ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். அறை போதவில்லை என்று பாயை விரித்துத் தரையில் பிள்ளைகளைப் படுக்க வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

செருப்பு, ஷூ எல்லாவற்றையும் காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். ராத்திரி கழிப்பறைக்கு எழுந்தால் கால் வைப்பதற்கு முன் டார்ச் அடியுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை ஒரு குச்சி வைத்து ஆடாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மேலே செல்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. வனத்துறையின் ஒயர்லெஸ் யாரிடம் இருக்கிறது, வாட்ச்மேன் எங்கே படுத்திருப்பார் என்பதைப் போனவுடன் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சாப்பாட்டுப் பொருள் பற்றி ஒரு வார்த்தை. அரிசி, உப்பு, வெல்லம், வாழைப்பழம், பலாப்பழம், இந்த வாசனைகளுக்கு யானையும் கரடியும் தேடி வரும். இவற்றைக் காருக்குள்ளேயோ படுக்கை அறையிலேயோ வைக்கக் கூடாது. சமையல்கட்டில் வாட்ச்மேன் காட்டும் இடத்தில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். குரங்குக்கும் பன்றிக்கும் மிச்சத்தைப் போடுவது இரக்கம்போலத் தோன்றும். ஒரு முறை போட்டால் மறுநாள் வருகிறவர் கையிலிருந்து பிடுங்கும், ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். அப்படிப் பிரிந்த ஓடுகள்தான் பல விடுதிகளில் முதல் ஒழுக்கு. முற்றத்தில் யானை வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள். தாழ்வாரத்துக்கு வந்து பிளாஷ் அடித்துப் படம் எடுப்பதற்கு அது நேரமில்லை. பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே வையுங்கள். எட்டு மணிக்கு மேல் சத்தம் அடங்கினால்தான் கேளையாடு குரைப்பது கேட்கும், கடமானின் எச்சரிக்கைக் குரல் கேட்கும், அதன் பிறகு வரும் அந்தக் கனத்த அமைதியும் கேட்கும். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்?

ஜூன் முதல் மழை முடியும் வரை அட்டைகள் உண்டு. உப்பையோ சுண்ணாம்பையோ அட்டைமேல் வைத்தால் அது விழும், ஆனால் விழுவதற்கு முன் உள்ளே இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். பிறகு புண் ஆறாமல் நமைக்கும். மெலிந்த முனைதான் வாய். அந்த இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் கொடுத்து வழித்தால் வந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுச் செல்வதால் சற்று நேரம் கசியத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக்கு. புல்லிலும் புதரிலும் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பிய ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்து, இடுப்பிலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அது சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். "காட்டில் தங்கினேன்" என்ற வார்த்தையை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். தக்க நேரத்தில் கண்டுபிடித்தால் எளிதாகக் குணமாகும் நோய், பெயர் தெரியாமல் நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

நீலகிரி, கொடைக்கானல் மேல்மலை விடுதிகளில் இன்னொரு விஷயம் சேர்கிறது: கணப்பு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்கள் அவை. கணப்பு மூட்டத் தெரியாமல் அறை முழுக்கப் புகையாக்கிவிட்டு "புகைபோக்கி அடைத்திருக்கிறது" என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் அடைப்பு இருக்காது. புகைபோக்கிக்குள் நிற்கும் குளிர்ந்த காற்று கனமானது, கீழே அழுத்தும். முதலில் மூடி இருந்தால் அதைத் திறந்து, நாளிதழ் நான்கு தாளைச் சுருட்டிப் பற்றவைத்து புகைபோக்கியின் வாய்க்குள் உயர்த்திப் பிடியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் சுடர் மேல்நோக்கி இழுக்கத் தொடங்கும். அதன் பிறகு சுள்ளி, அதன்மேல் கை கனத்தில் இரண்டு கட்டை, அவ்வளவுதான். அறையின் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால்தான் தீக்குக் காற்று கிடைக்கும். ஈர விறகு வேண்டாம். அது வெப்பம் தராமல் புகைபோக்கியின் உட்சுவரில் தார்போல் படியும், பிற்பாடு அந்தப் படிவே தீப்பிடிக்கும். இரவு தூங்கும் முன் தணல் சாம்பலாகட்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மலையூர்களில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகள் உங்கள் நாளிதழிலேயே வந்திருக்கும். வெளியே முற்றத்தில் கேம்ப் பயர் கேட்டு வாட்ச்மேனை நச்சரிப்பதும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேரை இழந்திருக்கிறோம். காய்ந்த மலைப் புல்லில் ஒரு பொறி எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதை அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கட்டடத்துக்கு வருகிறோம். எங்களுக்கு மிகவும் வலிக்கும் பகுதி இது.

பழைய பங்களாவின் சுவர் கல்லும் சுண்ணாம்புக் காரையும். அஸ்திவாரத்தில் ஈரத் தடுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறும், வெயில் வந்ததும் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளை வழியாக வெளியே போய்விடும். சுவர் மூச்சுவிடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமென்ட் பூசினால் துளை அடைபடுகிறது. உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. அதனோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி உப்பித் தள்ளுகிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தங்கும் அறையில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். சுண்ணாம்புப் பூச்சு இருக்கும் இடம் கல்லைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். சிமென்ட் ஒட்டுப்போட்ட இடத்தில் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஓசை எழும். அங்கே பூச்சு சுவரை விட்டு ஏற்கெனவே விலகிவிட்டது என்று பொருள். அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் பொருக்குப் பொருக்காக உரிந்து வரும். அதைப் பார்த்துவிட்டு "சுவர் பழசாகிவிட்டது, டைல்ஸ் ஒட்டுங்கள்" என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். ஒட்டினால் ஈரம் டைல்ஸின் மேல்விளிம்பு வரைக்கும் ஏறி, உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்தைத் தொடும். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, கரையான் எளிதில் தொடாது. ஆனால் ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி ஈரப்பட்டால் முதலில் அதுதான் போகும். சுவருக்குள் மறைந்த முனை என்பதால் உத்திரம் இறங்கும்வரை யாருக்கும் தெரியாது.

சரியான வழி மலிவானதுதான், நேரம் மட்டும் எடுக்கும். கற்சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீரில் போட்டுத் தணிக்க வேண்டும். கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதம் ஊறவிட்டால் வெண்ணெய்போல் ஆகும். இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் தனியாகத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நாள் புளிக்கவைத்து வடித்து, கலவைக்கு அந்தத் தண்ணீரை ஊற்றுவார்கள். அதன் அளவு ஊருக்கு ஊர், கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. பழைய பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தி, இணைப்புகளைச் சுரண்டி, சுவரை நன்றாக நனைத்துவிட்டுப் பூச வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கனமாக அப்பினால் வெளிப்பக்கம் காய்ந்து உள்பக்கம் பச்சையாக நின்று வெடிக்கும். முதல் பூச்சு இறுகிய பின்தான் அடுத்தது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பத்து நாளாவது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு ஈரமும் அவகாசமும் வேண்டும். "அவசரம், பத்து சதவீதம் சிமென்ட் சேர்த்துக்கொள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

கூரையில் நடக்கும் தவறு வேறு வகை. மங்களூர் ஓடு ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து, பதினாறு ஓடு. 100 சதுர மீட்டர் கூரை என்றால் சுமார் 1,600 ஓடு, நான்கு டன் எடை. கூரையைச் சரிவாகத் தாங்கும் கைமரங்களும் உத்திரமும் அந்த எடைக்கென்று போட்டவை, அந்த எடைதான் காற்றில் கூரையை அமர்த்திப் பிடிக்கிறது. ஒழுகுகிறது என்று ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டால் மழைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, பகலில் அனல், இரவில் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். ஒழுக்கின் காரணம் பெரும்பாலும் உடைந்த ஓடுகூட அல்ல. ஓடும் ஓடும் கவ்வும் பள்ளத்தில் தேக்கிலைச் சருகும் பாசியும் அடைந்து, ஓட வேண்டிய தண்ணீர் பக்கவாட்டில் ஏறி உள்ளே விழுகிறது. மழைக்கு முன் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவத்துக்கு முன் செப்டம்பர் கடைசியிலும் மென்மையான தென்னந்துடைப்பத்தால் பள்ளங்களைத் தள்ளிவிட்டாலே போதும். ஓட்டின் நடுவில் கால் வைத்து ஏறக் கூடாது. அடியில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் ஓடும் இடத்தின்மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஒழுக்கை அடைக்கப் போய்ப் பத்து ஓடுகளை உடைத்துவிட்டு இறங்குவது எங்கும் நடக்கிறது.

உடைந்ததற்குப் பதில் வைப்பதிலும் ஒரு சங்கடம். பழைய ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். ஒரு தொழிற்சாலை ஓடு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாகக் கவ்வாது, அரை விரல் வித்தியாசமே மழையை உள்ளே விடும். ஆகவே பழைய கட்டடம் எங்காவது பிரிக்கப்படும்போது அதே அச்சு ஓடுகளை வாங்கி, நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் ஒரு விடுதிக்கு எண்பதாவது தாழ்வாரத்தின் ஓரத்தில் அடுக்கி வைக்க வேண்டும். கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் தகரப் பீலியையும் மறக்கக் கூடாது. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழை 100 சதுர மீட்டர் கூரையில் விழுந்தால் 91,000 லிட்டர் தண்ணீர். பீலி அடைத்திருந்தால் அவ்வளவும் சுவரின் காலடியில்தான் இறங்கும். கூரைத் தண்ணீரைச் சுவரிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளிக் கொண்டுபோய் விடும் கல் வாய்க்காலைத் தூர்வாராமல், உள்ளே ஈரம் என்று சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தங்குவோர் இதில் செய்யக்கூடிய உதவி உண்டு. காலையில் கிளம்பும் முன் ஜன்னல் கொண்டிகளை மாட்டுங்கள். திறந்துவிட்டுப் போன ஒரு ஜன்னல் வழியாக ஒரு மழைக்குப் பலகைத் தரை முழுக்க உப்பிவிடும். ஒழுகிய இடம் தெரிந்தால் "கூரை ஒழுகுகிறது" என்று மொட்டையாக எழுதாமல், எந்த அறை, எந்தச் சுவரிலிருந்து எத்தனையாவது கைமரம், எவ்வளவு நேரம் மழை பெய்தபின் சொட்டியது என்று பதிவேட்டில் எழுதுங்கள். அதைப் படிக்கும் ஓட்டு வேலைக்காரர் நேராக அந்த இடத்துக்கு ஏறுவார். குப்பையை முழுக்கப் பையில் கட்டிப் பொள்ளாச்சிக்கே கொண்டுவாருங்கள். வாட்ச்மேனும் சமையல்காரரும் பல இடங்களில் மலசர், காடர் போன்ற இந்த மலைக்கே உரிய மக்கள். அவர்களை "ஏய்" என்று கூப்பிடுவதை இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தப் பாதையில் இன்று ஒற்றை யானை நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். "அண்ணா, இன்னைக்கு எந்தப் பக்கம் போகக் கூடாது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும்.

வனத்துறைக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். பழைய ஓய்வு விடுதிகளின் பழுதுபார்ப்பு மதிப்பீட்டில் சிமென்ட் பூச்சு, டைல்ஸ், தகரக் கூரை ஆகியவற்றை எடுத்துவிட்டு, சுண்ணாம்புப் பூச்சையும் ஓடு மாற்றுவதையும் தனி இனமாகச் சேருங்கள். வேலை தெரிந்த கொத்தனார்கள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கீழே இரண்டு இளைஞர்களையாவது சிற்றாளாக வைத்துப் பழக்குங்கள். மழை ஓய்ந்து தீக்காலம் தொடங்கும்வரை, அதாவது டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதிவரைதான் இந்த வேலைக்கு ஏற்ற நேரம். ஜனவரியில் கரண்டி எடுக்க வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் சுண்ணாம்பு தொட்டியில் இறங்கியிருக்க வேண்டும். கொள்முதல் ஆணை அக்டோபரிலேயே கையெழுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கட்டட வேலையிலும் காட்டு வழித்துணையிலும் இருக்கும் வாசகர்கள் சிலர்,
பொள்ளாச்சி.